எண்பத்தாறு படிகள்

என் கணவர் ராஃபத் ஒரு வருடம் பத்து மாதம் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. நாங்கள் இருப்பது அலெக்சாந்திரியாவில், கர்மூஸ் பக்கம், லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில். தெருவிலிருந்து எங்கள் கதவுக்கு எண்பத்தாறு படிகள்.

அவர் முப்பத்தொரு வருடம் பருத்தி அழுத்தும் ஆலையில் வேலை பார்த்தவர். பொதிகளைப் பிரித்துக் கொட்டுகிற வேலை. வீட்டுக்கு வரும்போது புருவத்தில், மீசையில், காது மடலில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை விடுமுறை முடிந்து சனிக்கிழமை ஆலைக்குள் நுழைந்தால் நெஞ்சு இறுகும், செவ்வாய்க்குள் சரியாகிவிடும். பல வருடம் இப்படியே போனது. பிறகு செவ்வாயிலும் சரியாகவில்லை, விடுமுறையிலும் சரியாகவில்லை. இதற்கு மேல் சிகரெட் வேறு. சிகரெட்டை விட்டபோது அவருக்கு வயது அறுபது. நெஞ்சு அதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு, குளிர்காலக் கடைசியில், கடலில் புயல் வந்த ஒரு நாள், அவருக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்களின் தூக்குப்படுக்கை எங்கள் மாடிப்படியில் திரும்பவில்லை. மூன்றாம் மாடி நயீமும் இன்னும் மூன்று பேரும் சமையலறை நாற்காலியில் அவரை உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டாம் மாடியில் பைஜாமாப் பொத்தான் அறுந்தது. எல்லாக் கதவுகளிலும் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒன்பது நாள் கழித்து அதே மாதிரி நாற்காலியில் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள் இறக்கினார்கள். மற்றவர்கள் போன பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இனிமே இந்தப் படியில நான் இறங்குனா அது என் ஜனாஸா ஊர்வலத்துக்குத்தான், இன்சாஃப்."

அன்றிலிருந்து அவருடைய கையும் காலும் நானானேன். உட்கார வைத்துக் குளிப்பாட்டினேன். கையைத் தூக்கினால் அவருக்கு மூச்சு வாங்கும் என்பதால் முகமும் நானே மழித்துவிட்டேன். தண்ணீர் வேண்டுமென்று அவர் நினைப்பதற்குள் தம்ளர் பக்கத்தில் இருக்கும். பால்கனியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்கி சாமான் வாங்குவது முதல் மாதாமாதம் நெஞ்சு மருத்துவமனைக்குப் போய் மருந்து வாங்குவது வரை எல்லாம் நான். அக்கம்பக்கத்தில் என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் அவர் கால்கள் கொக்குக் கால்களாக இளைத்தன. அதைவிட, அவர் என்னோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். முப்பத்தெட்டு வருடத்தில் உப்புக்கும் சண்டை, ஜன்னல் திறப்பதற்கும் சண்டை என்று வாழ்ந்த மனிதர். இப்போது எதைக் கொடுத்தாலும் சரி, எதைச் செய்தாலும் சரி.

ஒரு நாள் மருந்து வாங்கப் போனபோது டாக்டர் கேட்டார், வரவே முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுக்கிறோம், சேர்க்கட்டுமா என்று. எட்டு வாரம். பயிற்சி கொடுப்பவர் இரண்டு தடவை வீட்டுக்கு வருவார், மற்றபடி வாராவாரம் போனில் பேசுவார். எனக்குச் சிரிப்பு வந்தது. மூச்சு விடவே திணறுகிற மனிதனுக்கு உடற்பயிற்சியா? ஆனால் டாக்டரிடம் இல்லையென்று சொல்லத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். முப்பது வயதுப் பெண் ஒருத்தி சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். முக்காடு பாதி நழுவியிருந்தது.

"ஒரு நிமிஷம், ஹாஜ்ஜா. பேச முடியல."

உள்ளேயிருந்து ராஃபத் குரல் கொடுத்தார். "யாரது, என்னை விட மோசமா மூச்சு வாங்குறது?"

பல மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் கேலி. அந்தப் பெண் ரபாப். பயிற்சி கொடுக்க வந்தவள். வயதான எங்களை மரியாதைக்கு ஹாஜ், ஹாஜ்ஜா என்று கூப்பிட்டாள். உள்ளே வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஹாஜ், பத்துக்கு எத்தனைன்னு சொல்லணும். பூஜ்யம்னா மூச்சு வாங்கவே இல்ல. பத்துன்னா இதுக்கு மேல தாங்காது. எனக்கு இப்ப ஆறு. உங்களுக்கு?"

"நான் சும்மா உக்காந்திருக்கேன். ரெண்டு."

"அப்ப இன்னைக்கு நோயாளி நான்தான்."

ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை அவர் விரலில் மாட்டினாள். மருந்துகளைப் பார்த்தாள். இன்ஹேலரை அவர் இழுக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, பாதி மருந்து நாக்கிலேயே தங்கிவிடுகிறதென்று சொல்லி, சரியாக இழுக்கக் கற்றுக்கொடுத்தாள். பிறகு கேட்டாள்: "இந்த எட்டு வாரத்துல உங்களால என்ன செய்ய முடியணும்னு ஆசைப்படுறீங்க?"

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். நான் தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

"என் முகத்தை நானே மழிக்கணும்" என்றார்.

தட்டை மேஜையில் வைத்தேன். வாரத்துக்கு மூன்று நாள், கன்னத்தை இழுத்துப் பிடித்து, ஒரு கீறல் படாமல் நான் மழித்த முகம். ஒரு தடவைகூட வேண்டாமென்று அவர் சொன்னதில்லை.

ரபாப் அவரை நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னாள். ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை முடிகிறதோ அத்தனை. ஏழு தடவை. ஏழாவதில் அவர் முகம் சாம்பல் நிறமாகி, தோள்கள் ஏறி இறங்கின. நான் நடுவில் புகுந்தேன். ரபாப் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"எண்ணைப் பாருங்க ஹாஜ்ஜா. தொண்ணூத்தி ஒண்ணு. பயப்பட ஒண்ணுமில்ல. ஹாஜ், உதட்டைக் குவிச்சு ஊதுங்க. சூடான தேநீரை ஆத்துற மாதிரி. மெதுவா."

போகும்போது ஆக்ஸிமீட்டரை எங்களிடமே விட்டுவிட்டு, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். நாற்காலியில் எழுந்து உட்காருவது. தண்ணீர் நிரப்பிய சின்னப் பாட்டில்களைக் கையில் பிடித்துத் தூக்குவது. சமையலறையிலிருந்து பால்கனி வரை ஒன்பது எட்டு தூரம். அதில் போகவும் வரவும் நடப்பது. மூன்று அல்லது நான்கு என்று மூச்சு வாங்கும்வரை செய்ய வேண்டும். ஒன்றிலேயே நிறுத்தினால் பயனில்லை.

அவர் செய்தார். நான்தான் செய்ய விடவில்லை. பத்துச் சுற்று நடக்க வேண்டுமென்றால் ஆறாவது சுற்றில் "போதும், சாப்பாடு ஆறுது" என்பேன். அவர் எழுந்ததும் நாற்காலியை அவர் பின்னாலேயே நகர்த்திக்கொண்டு போவேன். மூன்றாவது வாரம் ரபாப் போன் செய்தபோது அவர் குளியலறையில் இருந்தார். அவருக்குக் காய்ச்சல், இந்த வாரம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் மனசு லேசாகியது. அவரைக் காப்பாற்றிவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் காய்ச்சல் எப்படி என்று கேட்க ரபாப் மறுபடி கூப்பிட்டாள். போனை எடுத்தது ராஃபத்.

பேசி முடித்துவிட்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். "எனக்குக் காய்ச்சலாமே. எனக்கே தெரியாம வந்துட்டுப் போயிருக்கு."

நான் முலுக்கியா கீரையை நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்தேன். "உன் உதடு நீலமானதை நீ பாத்தியா ராஃபத்? நான் பாத்தேன்."

"நீ பாத்தது ஒரு நாள். நான் உக்காந்திருக்கிறது அறுநூத்தி எழுபது நாள்."

"உன்னை யாரு உக்கார வச்சா? உன்னால முடியாம உக்காந்தே."

"முடியுமா முடியாதான்னு பாக்க நீ எப்ப விட்டே? தண்ணி வேணும்னு வாயைத் திறக்கறதுக்குள்ள தம்ளர் மூக்குக்கு நேரா நிக்குது."

கீரையை மறுபடி நறுக்கினேன், அது கூழாகும்வரை. அவர் கூடத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நடந்தார். செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது. கோபத்தில் இருந்தாலும் சுற்றுகளை எண்ணினேன். பன்னிரண்டு.

இரண்டாம் தடவை வீட்டுக்கு வந்தபோது ரபாப் காய்ச்சலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஹாஜ்ஜா, எனக்கு ஒரு உதவி செய்யணும். தெரு வரைக்கும் இறங்கிட்டு, எங்கேயும் நிக்காம ஒரே ஏத்தமா மேல வாங்க" என்றாள்.

எனக்கு வயது அறுபத்தொன்று. எடையைச் சொல்ல மாட்டேன். ஏதோ பிடிவாதத்தில் இறங்கினேன். ஏறும்போது மூன்றாம் மாடியில் நயீம் கதவைத் திறந்து, "ஹாஜ்ஜா, எங்கேயாவது தீ பிடிச்சிருச்சா?" என்று கேட்டார். பதில் சொல்ல மூச்சில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது நெஞ்சு காதுக்குள் அடித்தது. ரபாப் என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். எதிர் நாற்காலியில் ராஃபத். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று.

"தோளைத் தொங்க விடு. மூக்கால இழு. உதட்டைக் குவி. குவின்னா குவி, விசில் அடிக்கச் சொல்லல" என்றார்.

"எத்தனை ஹாஜ்ஜா?" என்றாள் ரபாப்.

எட்டு விரல்களைக் காட்டினேன். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் எட்டு ஐந்தானது. மூன்று நிமிடத்தில் இரண்டானது.

"செத்துடுவோம்னு தோணுச்சா?"

"இல்ல. நாலாம் மாடியில கொஞ்சம் தோணுச்சு."

"அவருக்கும் இப்படித்தான் ஏறும், இப்படித்தான் இறங்கும். என்ன, கொஞ்சம் மெதுவா இறங்கும். ஏறுறதை மட்டும்தான் நீங்க பாக்கறீங்க. இறங்கறதுக்குள்ள ஓடி வந்து அவரைப் பிடிச்சிடறீங்க. நெஞ்சு வலின்னா, தலை சுத்துதுன்னா, எண் எண்பத்தெட்டுக்குக் கீழ போனா ஓடி வாங்க. இல்லேன்னா உக்காந்து பாருங்க." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "ஹாஜ், உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். உங்க நெஞ்சு பழைய மாதிரி ஆகாது. ஆனா காலுக்குப் பலம் வந்தா இதே நெஞ்சை வச்சு நிறைய தூரம் போகலாம்."

அன்றிலிருந்து எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, உட்கார்ந்து பார்ப்பது. என் வாழ்நாளில் அதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. கையை மடியில் இறுக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பேன். அவர் மூச்சு ஏறும். பிறகு இறங்கும். ஒவ்வொரு தடவையும் இறங்கியது.

நான்காம் வாரக் கடைசியில் முகம் மழித்தார். தண்ணீர்க் கூஜாவில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, இரண்டு முழங்கைகளையும் மேஜையில் ஊன்றிக்கொண்டு, பாதி முகம், கொஞ்சம் ஓய்வு, மீதி முகம். மோவாயில் ஒரு வெட்டு.

"பொறாமையா இருக்கா?" என்றார்.

"கண்ணாடியைப் பாத்துட்டுப் பேசு. காதுக்குக் கீழ ஒரு தோட்டமே நிக்குது."

"இருக்கட்டும். என் தோட்டம்."

நாங்கள் மறுபடி சண்டை போட ஆரம்பித்திருந்தோம்.

ஐந்தாம் வாரம் படிகள். ரபாப் போட்ட விதி ஒன்றுதான்: எத்தனை படி ஏற முடியுமோ அத்தனை மட்டுமே இறங்க வேண்டும். முதல் நாள் ஆறு. பிறகு பத்து. நின்று மூச்சை இழுத்து, ஊதிக்கொண்டே ஒரு படி. ஏறும்போது பேசக்கூடாது. நயீம் தன் வீட்டு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து நாலாம் மாடித் திருப்பத்தில் போட்டார். ஆனால் வாயை அடக்க அவரால் முடியவில்லை. தொழில் தெரிந்தவர்களைக் கூப்பிடுகிற மாதிரி ராஃபத்தை உஸ்தா என்றுதான் கூப்பிடுவார்.

"உஸ்தா ராஃபத், இந்த வேகத்துல போனா ரமலானுக்குள்ள தெருவுக்கு வந்துருவே."

ராஃபத் பதில் சொல்லாமல் ஏறினார். நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு இறங்கி, நயீம் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு, படிக்கட்டுச் சந்து வழியாகக் கீழே பார்த்துக் கத்தினார்: "எந்த வருஷ ரமலான்னு சொல்லவே இல்லையே நயீம்."

ஆறாம் வாரம் எல்லாம் கெட்டது. புயல் நாட்கள் வந்தன. வீடு முழுக்க ஈரம். அவருக்குச் சளி பிடித்து மஞ்சளாக வர ஆரம்பித்தது. ரபாப் முன்பே சொல்லி வைத்திருந்தபடி உடனே மருத்துவமனைக்குப் போன் செய்தேன்; டாக்டர் சொன்ன மாத்திரைகளை அன்றே தொடங்கினோம். இந்தத் தடவை ஆம்புலன்ஸ் தேவைப்படவில்லை. ஆனால் ஒன்பது நாள் படுக்கை. எழுந்தபோது, பதினான்கு தடவை எழுந்து உட்கார்ந்தவரால் எட்டுதான் முடிந்தது. அவர் திரும்பிப் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"முடிஞ்சுது. திரும்பவும் அதே இடம்."

பழைய இன்சாஃபாக இருந்தால் போர்வையை இழுத்துவிட்டு, தூங்கு என்று சொல்லியிருப்பேன். உண்மையில் அந்த வார்த்தை வாய்வரை வந்தது. அவர் போர்த்தியிருந்ததைக் கால் பக்கம் விலக்கினேன்.

"ஆரம்பத்துல ஏழு. இப்ப எட்டு. அதே இடம் இல்ல. காலை நீட்டி மடக்கு. படுத்துக்கிட்டே செய்யலாம்னு ரபாப் சொன்னா."

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "நீயா சொல்றே?"

"நான்தான். வேற யாரு இருக்கா இந்த வீட்டுல?"

"காய்ச்சல் இல்லையா எனக்கு?"

"நீட்டுன்னு சொன்னேன், ராஃபத்."

நீட்டினார். எட்டு வாரம் பத்து வாரமானது. படிகள் மெல்ல மெல்ல இரண்டாம் மாடி வரை நீண்டன.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் அவரைப் பார்க்க வேண்டுமென்றார். ராஃபத் இஸ்திரி போட்ட கால்சட்டை அணிந்தார். பெல்ட்டில் ஆணியால் புதுத் துளை போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாடியிலும் நின்று, பதினொரு நிமிடத்தில் தெருவுக்கு வந்தோம். அவர் வாசலில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"மூலையில மருந்துக்கடை இருந்துச்சே?"

"இப்ப மொபைல் கடை. ஒரு வருஷமாச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?"

மருத்துவமனையில் ஒரு நிமிடத்தில் பதினாறு தடவை எழுந்து உட்கார்ந்தார். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே பெரிதாக மாற்றமில்லை என்றார்; ஆனால் அந்தப் பதினாறைத் தாளில் எழுதும்போது சிரித்தார். திரும்பும்போது ராஃபத் டாக்ஸி வேண்டாமென்றார். டிராமில் வந்து இறங்கியதும் ஈரல் விற்கிற வண்டியைப் பார்த்துவிட்டார். மிளகாய் போட்டு வறுத்த ஈரல் ரொட்டி இரண்டு, நின்றபடியே சாப்பிட்டார். காரத்தில் இருமல் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது கேட்டார். அதற்கு மட்டும் நான் விடவில்லை.

கட்டட வாசலில் நயீம் காத்திருந்தார். கூட இரண்டு ஆட்கள். நடுவில் ஒரு நாற்காலி. அவர் கெட்ட மனசுக்காரர் இல்லை. இறங்குவது வேறு, ஏறுவது வேறு என்று அவருக்குத் தெரியும்.

"வா உஸ்தா, உக்காரு. கூச்சப்படாதே. நாம அண்ணன் தம்பி."

ராஃபத் நாற்காலியைப் பார்த்தார். பிறகு அதில் உட்கார்ந்தார். ஆட்கள் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு குனிந்தார்கள். அவர் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து இழுத்தார். இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார்.

"நல்ல நாற்காலி. ரொம்ப நன்றி, நயீம்."

முதல் படியில் கால் வைத்தவர் என் பக்கம் திரும்பினார். "நீ முன்னால போ."

"நான் பின்னால வர்றேன்."

"நீ பின்னால வந்தா என் பெல்ட்டைப் பிடிப்பே. போ."

போனேன். கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தேன். கீழேயிருந்து அந்த ஊதும் சத்தம் கேட்டது. ஊதல், ஒரு அடி. ஊதல், ஒரு அடி. முதல் மாடியில் நின்றார். இரண்டாம் மாடியில் நின்றார். மூன்றாம் மாடியில் யாரோ ஏதோ கேட்டார்கள், பதில் இல்லை. அதற்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் சத்தமே நின்றுபோனது. நான் எழுந்தேன். வாசல்வரை வந்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே எட்டிப் பார்த்தால் ஓடிவிடுவேன் என்று தெரியும், அதனால் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. பிறகு ஊதல் கேட்டது, மெதுவாக. ஒரு அடி.

இருபத்து நாலு நிமிடத்தில் உள்ளே வந்தார். சுவரில் சாய்ந்து நின்று ஏழு விரல்களைக் காட்டினார். நெற்றியெல்லாம் வேர்வை, ஆனால் உதடு நீலமாகவில்லை. நான் தொடவில்லை. ஏழு ஐந்தாவதையும், ஐந்து மூன்றாவதையும் எதிரே நின்று பார்த்தேன். கடைசியில் எனக்குத்தான் அழுகை வந்தது.

"என்ன அழுகை? நீ நாலே நிமிஷத்துல ஏறி வந்துட்டே" என்றார்.

அது நடந்து ஒரு வருடமாகிறது. அவர் நெஞ்சு நல்லதாகிவிடவில்லை. இந்தக் குளிர்காலத்திலும் இரண்டு வாரம் படுத்தார். ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் இறங்குகிறார். நாற்காலிப் பயிற்சி தினமும் உண்டு. விட்டால் ஒரு மாதத்தில் கால் போய்விடும் என்று ரபாப் சொல்லியிருக்கிறாள்.

போன வாரம் அவள் ஒரு உதவி கேட்டாள். கஃப்ர் அத்தவ்வாரில் ஷுக்ரி என்று ஒரு மனிதர், அவரும் நூல் ஆலையில் இருந்தவர். கட்டிலை விட்டு எழுவதே இல்லை. ராஃபத் அவரோடு பேச முடியுமா? ராஃபத் பேசினார்.

"ஆமா, சாகத்தான் போறோம் ஷுக்ரி, எல்லாரும். அதுக்கு முன்னாடி எந்திரிச்சு நாற்காலியில உக்காரு. நாளைக்கு நான் கூப்பிடும்போது எத்தனை தடவை எந்திரிச்சேன்னு சொல்லணும்."

அந்தப் பக்கத்தில் போன் கை மாறியது. இவரும் போனை என்னிடம் நீட்டினார். "அவர் சம்சாரம். உன்கிட்ட பேசணுமாம்."

அவள் பெயர் வஜீதா. முதலில் மருந்தைப் பற்றிக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டாள்.

"இருக்கு. இன்னைக்குக் காலையிலகூட இருந்துச்சு" என்றேன்.

அவள் பேச ஆரம்பித்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ராஃபத் எழுந்து சமையலறைக்குப் போனார். அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. கெண்டியில் தண்ணீர் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கத்தினார்: "இன்சாஃப், சர்க்கரை எங்க வச்சே?"

"தேடு" என்று சொல்லிவிட்டு, "நீ சொல்லும்மா" என்றேன் வஜீதாவிடம்.